துணிக்கு அந்தப் பக்கம்

நெருங்கி உட்காருங்கள். நம் சற்குணத்தின் பெரியப்பா குலசேகரத்துக்கு நடந்தது இது. எழுபத்து நான்காம் ஆண்டு. இரவு எட்டு மணி. தண்ணீர்மலைச் சாலையில் ஈ காக்கை இல்லை... ஊரே திடலில் இலவசப் படம் பார்க்கப் போயிருந்தது.

இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி. முன்னால் நாற்காலிகள், கணக்கெழுதும் கிராணிமார் குடும்பங்களுக்கு. கூலிக்காரர்களுக்குப் பின்பக்கப் புல்தரை. அங்கிருந்து பார்த்தால் படம், கண்ணாடியில் போல, இடம் வலமாகத் தெரியும். அவர்களுக்கு அது போதுமாம்!

பழைய காதல் படம். பணக்கார வீட்டுப் பெண் வண்டிக்காரனுக்காக உருகுகிறாள். பெரிய கிராணி குலசேகரம் தேம்பித் தேம்பி அழுதார். இதே மனுசன்தான், தம் மகள் வள்ளிநாயகியை விரும்பிய ஆலைத் தொழிலாளி சந்திரசேகரனிடம், "அவள் டொக்டருக்கு ஓமெண்டு சொல்லிட்டாள். உன்னை நினைச்சுச் சிரிக்கிறாள்" என்று புளுகியவர். பையன் கெப்பாலா பத்தாஸ் ஊர் வாய்க்காலில் விழுந்து செத்தான். அழுதுகொண்டு வந்த அவன் தாயை வாசலோடு விரட்டினார். மகளிடமோ, "அவன் சிங்கப்பூருக்கு ஓடிட்டான்" என்றார்.

திடீரென்று சேற்று நாற்றம். சொட்... சொட்...

துணி முன்னால் புடைத்தது. பின்னாலிருந்து ஒரு கை அழுத்தியது. நான்கே விரல்கள். சந்திரசேகரன் ஐந்தாவதை ஆலை இயந்திரத்தில் பறிகொடுத்தவன்.

"அப்பா! அவர் வந்திட்டார்!" வள்ளிநாயகி எழுந்துவிட்டாள்.

அவளைத் தடுக்க ஒரே வழி, அவன் செத்துவிட்டான் என்று சொல்வது. சொன்னால் இவர் பொய் அத்தனை நாற்காலிக்கும் தெரிந்துபோகுமே! வாயைத் திறந்தார்... மூடிக்கொண்டார். பாவி. அவள் துணிக்கு அந்தப் பக்கம் ஓடினாள். படம் முடிவதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சேலை ஓரம் மட்டும் ஈரம். குலசேகரம் நிம்மதியாகக் கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தார்.

தை மாதம் டொக்டருக்கே கட்டிக்கொடுத்தார். மறுநாள் விடியுமுன் மாப்பிள்ளை வந்து கதவைத் தட்டினார். முகத்தில் இரத்தமே இல்லை.

"மாமா, பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு இவளுக்குக் காய்ச்சல். நான்தானே நெஞ்சைப் பாத்தன். இதயம் இடப்பக்கம் இருந்தது." தம் வலது மார்பைத் தொட்டுக் காட்டினார். "இப்ப வலப்பக்கம் துடிக்குது."

குலசேகரம் அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

அடுத்த முறை திடலில் படம் போட்டபோது, துணிக்குப் பின்னால், அவருக்கு நேராக, ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

"அப்பா... டொக்டரோடை போனது நானில்லை."

பக்கத்து நாற்காலிகளுக்குக் கேட்டுவிட்டதோ என்றுதான் குலசேகரம் முதலில் திரும்பிப் பார்த்தார்.