ஜீவா பெயரில் இருந்த ஃபோல்டர்

என் பெயர் தட்சிணாமூர்த்தி, வயது 51, தகப்பனார் பெயர் வீராசாமி (காலஞ்சென்றவர்). கொரட்டூர், அன்னை நகர், இரண்டாவது குறுக்குத் தெருவில் சொந்த வீட்டில் மனைவி நாகவல்லி, மகள் காவ்யா (வயது 19) ஆகியோருடன் வசித்து வருகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகராக வேலை செய்கிறேன். நேற்று இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வரப்பட்ட ஜீவா என் மனைவியின் உடன்பிறந்த தம்பி. அவர் சம்பந்தமாக, யாரும் கூப்பிடாமல் நானாக ஆஜராகிச் சொல்வது பின்வருமாறு.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை, ஜீவா எங்களோடு தங்கியிருந்த காலத்தில் அவர்தான் வாங்கிப் பொருத்தினார். அதில் தன் பெயரில் ஒரு கணக்கும் என் பெயரில் ஒரு கணக்கும் தொடங்கினார். பிறகு வேலை பூந்தமல்லிப் பக்கம் கிடைத்ததால் பாரிவாக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு என் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு வந்தபோது, புதிய கணக்கு தொடங்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிசெய்யச் சோம்பல்பட்டு, ஜீவாவின் கணக்கிலேயே பெயரை 'காவ்யா' என்று மாற்றி, அவள் போட்டோவை வைத்து, பாஸ்வேர்டை அவளையே போட்டுக்கொள்ளச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த ஜீவா அதைப் பார்த்துவிட்டு, "மாமா, வெளிய பேரு மாறிச்சு. உள்ள ஃபோல்டர் இன்னும் என் பேர்லதான் கீது, அது தானா மாறாது" என்றார். வீடு கைமாறிய பிறகும் கரண்ட் பில் பழைய ஓனர் பெயரில் வருவதைப்போல என்று நினைத்து, "இருந்துட்டுப் போவட்டும்பா" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கணக்கை என் மகள் மட்டுமே திறந்து வருகிறாள்.

பக்கத்து வீட்டு செல்வகுமாரின் மகள் அகல்யா, சில மாதங்களுக்கு முன் கொரட்டூர் ஸ்டேஷனில் என் மகளை ஒரு பையனோடு பார்த்ததாக என் மனைவியிடம் சொன்னாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அதன் பேரில் நான் மகளின் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். போன் இல்லாவிட்டால் வம்பு இல்லை என்று நினைத்த என் புத்தி, ஹாலில் கம்ப்யூட்டர் இருப்பதை மறந்துவிட்டது. அந்தப் பையனும் கொஞ்ச நாளில் விலகிப் போய்விட்டான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு அகல்யாவுக்கு முகப்பேரில் மாப்பிள்ளை நிச்சயமானது. போன வாரம், அகல்யாவின் முகத்தை வேறொரு படத்தோடு ஒட்டவைத்த ஆபாசப் படம் ஒன்று மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு இமெயிலில் போனது. கல்யாணம் நின்றது. அகல்யா அன்றிலிருந்து வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடவும் அவள் அம்மாதான் வருகிறார்.

செல்வகுமார் கொடுத்த புகாரின் பேரில் விசாரித்ததில், அந்த இமெயில் என் பெயரில் உள்ள இன்டர்நெட் இணைப்பிலிருந்து போனதாகத் தெரிந்து, நேற்று உதவி ஆய்வாளர் அவர்கள் என் வீட்டுக்கு வந்தார். அப்போது என் கணக்கு திறந்தே இருந்ததால், எல்லாருடைய பெயரும் தெரியும் முதல் திரையை யாரும் பார்க்கவில்லை. என் கணக்கு வழியாகவே உள்ளே போய்ப் பார்த்ததில் என் பெயரில் ஒரு ஃபோல்டரும் ஜீவா பெயரில் ஒரு ஃபோல்டரும் இருந்தன. ஜீவா பெயரிலிருந்த ஃபோல்டருக்குள் மேற்படி படம் இருந்தது. "ஜீவா யாரு?" என்று கேட்டதற்கு என் மனைவி, "என் தம்பி சார்" என்றாள். போன வருடம் ஜீவா அகல்யாவைப் பெண் கேட்டதும், செல்வகுமார் மறுத்ததும் தெருவுக்கே தெரியும். இதையெல்லாம் வைத்து போலீஸார் நேற்றே பாரிவாக்கம் சென்று அவரை அழைத்து வந்தார்கள்.

அந்த ஃபோல்டர் யாருடையது என்பது எனக்கு அங்கேயே தெரியும். சொல்லவில்லை. வாய் வரவில்லை.

எல்லாரும் போன பிறகு மகளைக் கேட்டேன். "ஆமாப்பா, நான்தான். என்னுது எல்லாத்தையும் கெடுத்துட்டு அவ மட்டும் கல்யாணம் பண்ணிக்கினு போவாளா?" என்றாள். அவளை அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்கவில்லை. என் மனைவி கதவைச் சாத்திவிட்டு, "யோவ், அவன் ஆம்பள, நாலு நாள் உள்ள இருந்துட்டு வந்துடுவான். பொண்ணு பேரு போச்சின்னா திரும்ப வருமா? வாய மூடிக்கினு இரு" என்றாள். சொல்லிவிட்டு, அதே தம்பிக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்து டிபன் பாக்ஸில் போட்டுக் கொடுத்தாள்.

இன்று காலை அந்தச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்து ஜீவாவைப் பார்த்தேன். அவர் குனிந்து சாப்பிட்டபடியே மெதுவாக, "யாருதுன்னு எனக்குத் தெரியும் மாமா. நான் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க, பாப்பா சின்னப் பொண்ணு" என்றார். ராத்திரி முழுக்க போலீஸார் கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. டப்பாவைக் கழுவாமலே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் மகளைக் கிளம்பச் சொன்னேன். "எங்கப்பா?" என்றாள். "மாமாவைக் கூட்டிக்கினு வர" என்றேன். அவளுக்குப் புரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். என் மனைவி வாசல் வரைக்கும் வந்தாள், எங்களைத் தடுக்கவில்லை, கூடவும் வரவில்லை. வழியெல்லாம் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது காவ்யா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் தன் வாயால் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். ஜீவாவை அனுப்பும்போது அவர் அந்த பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் என்னைத் திட்டினால் திட்டட்டும், நான் வாங்கிக்கொள்கிறேன். அவளை மட்டும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாருடைய மிரட்டலுக்கும் பயந்தோ, எதற்கும் ஆசைப்பட்டோ இதைச் சொல்லவில்லை. அத்தனையும் நான் சொன்னது, நடந்தது, உண்மை.

(ஒப்பம்) வீ. தட்சிணாமூர்த்தி