கத்தத் தெரியாத காவல்

ஐயா, யாரிடமும் "முடியாது" என்று சொல்லிப் பழகாதவன் நான். என் நல்ல குணம் அது ஒன்றுதான் என்பாள் என் மனைவி.

நோயாளியின் படுக்கையருகே வைக்கும் கண்காணிப்புக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். கதையாகச் சொன்னால் எளிதில் விளங்கும். காவலுக்கு வரும் விலங்கு எதுவானாலும் ஆபத்தில் கத்தியாக வேண்டும் என்று ஒரு காட்டரசன் விதித்தான். ஆமையும் வந்தது. அதற்குக் கத்த வராது. "கத்து" என்றதுமே, "என்னால் ஆகாது" என்று அது சொல்லிவிட வேண்டும். எங்கள் தொழிலில், கருவி அப்படிச் சொல்வதற்கு எக்செப்ஷன் என்று பெயர். அது எழுந்தால் திரை சிவக்கும். செவிலியர் வேறு கருவி தேடுவார்.

எங்கள் மலிவான கருவியில் ஒலிபெருக்கி கிடையாது. ஆனால் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கட்டளைகளில் 'அலாரம் வை' என்பதும் ஒன்று. சிவந்த திரையை வாங்குவோர் விரும்புவதில்லை. ஆகவே அந்தக் கட்டளைக்குள் நான் எதையும் எழுதாமல், 'சரி' என்ற பதிலை மட்டும் வைத்தேன்.

உடன் வேலைபார்த்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணா, உள்ள காத்துதான் அடிக்குது? எக்செப்ஷன் போடுங்க. முடியாததை முடிஞ்சுதுன்னு சொல்றது அநியாயம்."

"அடுத்த தடவை பாத்துக்கலாம்மா."

"உங்க அகராதியில இந்தத் தடவைங்கறதே கிடையாதா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

மூச்சுத்திணறலோடு மனைவியைச் சேர்த்த மருத்துவமனையில், அவள் தலைமாட்டில் அந்தக் கருவியே இருந்தது. செவிலியர் அலாரம் வைக்கும் பொத்தானை அழுத்தினார். திரை பச்சையாகச் 'சரி' என்றது. அவர் நிம்மதியாக அடுத்த அறைக்குப் போனார். சொல்ல வாயெடுத்தேன். மருத்துவமனை மேலாளர் அருகில் நின்று எங்கள் கருவிகளைப் புகழ்ந்துகொண்டிருந்தார். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்துவிட்டேன்.

மதியம் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"காலையிலேருந்து பட்டினி கிடக்கறீங்க. போய் ஏதாவது சாப்பிட்டு வாங்க. எனக்கு ஒண்ணுன்னா இது கத்தும்ல?"

"கத்தும்மா."

"நீங்க செஞ்சதாச்சே," என்று போர்வையை இழுத்துக்கொண்டாள்.

நான் திரும்பியபோது, 'அலாரம் ஒலிக்கிறது' என்று திரையில் எழுத்துகள் மின்னிக்கொண்டிருந்தன. அறையில் சத்தமே இல்லை. அவள் கை என் காலி நாற்காலிப் பக்கம் நீண்டிருந்தது.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அது கத்தாது என்பது எனக்குத் தெரியும். அவள் கேட்டபோதும் தெரியும். ஆனால் நான் அவளைக் கொன்றதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தக் கட்டளையைத் திறந்து பாருங்கள்; நான் எதுவுமே செய்யவில்லை.