பிரிக்காத பொட்டலம்

ஒற்றை ஆளுக்குக் கோழி அடிக்க முடியாது, முன்சீப் ஐயா.

அடிக்கலாம், தடையில்லை. ஆனால் ஒரு முழுக் கோழியை ஒருவனே தின்று முடித்தால் எலும்பெல்லாம் ஒரே இலையில் குவிந்து கிடக்கும். பார்க்க நன்றாக இருக்காது. எதையோ திருடித் தின்றவன் இலை மாதிரி இருக்கும். குழம்புக் கதையும் அதேதான். ஒரு ஆளுக்கென்று ஒரு கைப்பிடி மொச்சை போட்டால் ருசி கூடுவதில்லை. ருசி கூடுகிற அளவுக்கு வைத்தால் மூன்று நாள் அதையே சுண்டவைத்துக்கொண்டிருக்க வேண்டும். உப்புக் கரித்தால் சொல்ல ஆளில்லை. நன்றாக அமைந்துவிட்டால் அது இன்னும் மோசம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஏன் செய்தாய் என்று நீங்கள்தானே கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ராக்கையா, கொட்டகுடி ஆற்றங்கரையில் பூந்தோட்டம். பெண்டாட்டி பிள்ளை இல்லை. ஞாயிறுதோறும் என் வீட்டில் கோழிக்குழம்பு. அதன் ருசியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டு மாயக்காள் அம்மாள் தவறிப்போன பிறகு நீங்கள் ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

வழக்கமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். நம் பக்கத்தில் ஒரு கல்யாணத்தைப் பேசி முடிக்குமுன் மந்தையம்மனிடம் உத்தரவு கேட்பார்கள். ஒரு பூவரச இலையில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொரு இலையில் சிவப்பு அரளி. உள்ளே இருப்பது தெரியாதபடி மடித்து, வாழைநாரால் கட்டி, அம்மன் காலடியில் வைக்க வேண்டும். பூசாரி அமாவாசை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் தாலி. சிவப்பு வந்தால் பேச்சு அதோடு முடிந்தது.

யார் கட்டுவது என்பதில்தான் சிக்கல். மாப்பிள்ளை வீட்டார் கட்டினால் பெண் வீட்டாருக்குச் சந்தேகம். பெண் வீட்டார் கட்டினால் இவர்களுக்குச் சந்தேகம். பூசாரி எடுக்கிறவர், அவர் கட்டக் கூடாது. கொடுப்பதற்குப் பெண்ணும், எடுப்பதற்குப் பையனும் இல்லாத ஒரு தனிக்கட்டைதான் கட்ட வேண்டும். எனக்கு முன்னால் சோணையா கட்டினார். அவரும் தனிக்கட்டை. அவர் காலமானதும் ஊர் கூடி என் வாசலுக்கு வந்தது. "ஒனக்கென்னப்பா, யாருக்கு நல்லது நடந்தாலும் ஒண்ணுதான், நடக்காட்டியும் ஒண்ணுதான்" என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

மிச்சப் பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் அம்மனை நம்பாதது போல ஆகிவிடும். அதைக் கட்டினவன் கையிலேயே கொடுப்பார்கள். அவன் ஆற்றில் விட வேண்டும். எவ்வளவு சாக்கிரதையான ஊர், ஐயா. மாடு வாங்கினால் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிற ஊர். தாலிப் பொன்னை மூன்று ஆசாரியிடம் உரைத்துப் பார்க்கிற ஊர். அந்த ஒரு பொட்டலத்தை மட்டும் பார்க்காமல் என் கையில் கொடுத்தது.

முதலில் யாருக்குச் செய்தாய் என்று கேட்டீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எல்லாருக்கும் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அது என் பெயருக்குக் கெடுதல். பெரும்பாலானவர்களுக்கு ஒழுங்காக ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு வைத்துத்தான் கட்டினேன். அம்மன் பார்த்துக்கொண்டாள். சிலருக்கு இரண்டிலும் நந்தியாவட்டை வைத்ததும் உண்டு. இருளம்மாள் மகன் வீரையா இருக்கிறானே, அவன் ஒருமுறை என் வீட்டில் சாப்பிட்டான். ஒரு கவளத்துக்கு ஒருமுறை சப்புக்கொட்டினான். எலும்பை உறிஞ்சி என் இலைப் பக்கம் வீசினான். அடுத்த முகூர்த்தத்திலேயே அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இன்றைக்கு வீடு நிறையப் பிள்ளைகள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடுகிறான்.

சாப்பாட்டில் நல்ல துணை கிடைப்பது அரிது, ஐயா. பேசத் தெரிய வேண்டும். வாயில் சோறு இருக்கும்போது பேசக் கூடாது. இரண்டாம் தடவை போடும்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஆனால் இலையைக் கையால் மறைக்கக் கூடாது. சுருளி அப்படிப்பட்டவன். ஏலத்தோட்டத்துக் காவலுக்கு மலையில் இருந்துவிட்டு இறங்கினால் நேரே என் வீடுதான். யானைக் கதை ஒன்று சொல்வான். ஒவ்வொரு தடவையும் யானை கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வரும். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறியிருக்கிறேன். அவனுக்கு ராசிங்காபுரத்துப் பேச்சியைக் கேட்டுப் பூக்கட்டச் சொன்னார்கள்.

இரண்டிலும் அரளி வைத்தேன்.

இரண்டு பொட்டலமும் ஒரே கனம், ஒரே அளவு. அதில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குப் பட்டது.

பேச்சியைப் பிறகு போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், தோட்டத்து மேஸ்திரி ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். அந்தப் பொருத்தத்துக்கு ஒழுங்காகத்தான் கட்டினேன். வெள்ளை வந்தது. முதல் மழையிலேயே மலைக்காய்ச்சல் கண்டு, இறக்கிக் கொண்டுவருகிற வழியிலேயே போய்விட்டது அந்தப் பிள்ளை. மலைக்காய்ச்சல் நான் வைத்ததல்ல. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

சுருளி அதற்குப் பிறகு காவலுக்குப் போகவில்லை. காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் என் வீட்டில்தான். யானைக் கதையெல்லாம் நின்றுபோயிற்று. சாப்பிடவும் மாட்டான். நானே பிசைந்து உருட்டிக் கையில் வைப்பேன். "தின்னுப்பா, தின்னாத்தான் அழுக முடியும்" என்பேன். கண்ணீர் வடியத் தின்பான். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், ஐயா, அந்த ஒரு வருஷம் போல என் வீட்டில் அடுப்பு எரிந்ததே இல்லை. ஒருவன் கையில் சோற்றை வைக்கிற சுகம் இருக்கிறதே, அது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. பிறகு சீமைச் சண்டைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் மதுரைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டான். கடுதாசியும் இல்லை, திரும்பவும் இல்லை. அன்றைக்கு அயிரை மீன் குழம்பு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன்.

அப்புறம்தான் சீனிச்சாமி வந்தான். பொதிமாட்டில் ஏலக்காய் மூட்டை இறக்குகிறவன். வெளியே சாட்டையோடு நின்றுகொண்டிருக்கிறானே, அவனேதான். வீட்டுக்குள் நுழைந்தாலே ஏலக்காய் மணக்கும். குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "அண்ணே, இதத் தின்னுட்டு மலையேறுனா மாடே என்னைய மதிக்குது" என்பான்.

"மாடு மதிக்கிறது இருக்கட்டும். நீ இன்னொரு தொடை வாங்கிக்க" என்பேன்.

"வேணாம்ணே" என்பான். இலையை மறைக்கமாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்களும் இருந்தீர்கள், தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "அண்ணே, சிலமலை ஒச்சம்மா மக வேலுத்தாயிய எனக்குக் கேட்டிருக்காக. அதுக்கும் இஷ்டந்தான். நல்லாச் சமைக்குமாம். இனி ஒமக்குச் செரமம் இல்ல, நான் வீட்டுலயே தின்னுக்கிருவேன்."

நீங்கள் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தீர்கள். நான் அவனுக்கு ரசம் ஊற்றினேன். அந்த நேரத்திலேயே அரளி எந்தச் செடியில் நன்றாகப் பூத்திருக்கிறது என்று யோசித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் நடந்தது ஊருக்கே தெரியும். அமாவாசை எடுத்தார், பிரித்தார், சிவப்பு. ஒச்சம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சீனிச்சாமி மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று போய்விட்டான். பூப்பார்க்கிற இடத்துக்குப் பெண் வருகிற வழக்கம் இல்லை. வேலுத்தாய் வந்திருந்தாள். அழவில்லை. என்னிடம் வந்து, "அப்பு, ஆத்துப் பக்கந்தான் போறேன். கொண்டாங்க, நான் விட்டுர்றேன்" என்று கையை நீட்டினாள்.

முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பொட்டலத்தை யாரும் கேட்டதில்லை. கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் தோட்டத்துக்கு வந்தாள். நான் நந்தியாவட்டைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். இலையை விரித்துக் காட்டினாள். வாடிய அரளி.

"பிரிக்கலாமா ஆத்தா? அம்மனுக்குக் குத்தமில்லையா?" என்றேன்.

"அம்மந்தான் பேசி முடிச்சிருச்சே அப்பு. மிச்சம் வெறும் எலதான? அதான் பிரிச்சேன். அது கெடக்கட்டும். எங்க மேல என்ன பகை ஒமக்கு?"

பகை இல்லை என்றேன். அப்புறம் வேறு என்ன என்று கேட்டாள். நான் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அடுத்த செடிக்கு ஊற்றினேன். அவள் என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மறுநாளைக்கென்று வாங்கிக் கட்டிப்போட்டிருந்த சேவலைப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்திருந்த செம்புகளைப் பார்த்தாள். ஒரு ஆள் இருக்கிற வீட்டில் மூன்று செம்பு. மூன்று மணை. பிறகு என்னைப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண், ஐயா.

"அட நாசமாப்போன மனுசா, இதுக்கா?" என்றாள்.

இதுக்குத்தான் என்றேன்.

சிரிப்பு வந்ததா, காறித் துப்ப வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். கடைசியில் சொன்னாள்: "வெரசாப் போயி முன்சீப்புகிட்ட நீரே சொல்லீரும். சொன்னீர்னா அம்மன்கிட்ட மறுபடி பூக்கேக்கலாம். வேற ஆளு கட்டட்டும். எங்களுக்குக் கல்யாணமாச்சுன்னா மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம நாங்க ரெண்டு பேரும் வந்து ஒம்ம வீட்டுல கை நனைக்கிறோம். சொல்லலைன்னா நான் வீடு வீடாப் போயிச் சொல்லுவேன். அதுக்கப்புறம் இந்த ஊருல ஒரு நாயி கூட ஒம்ம வீட்டு எச்சித் தண்ணியத் தொடாது."

மாசத்துக்கு ஒன்று போதாது, இரண்டாக்கு என்றேன். "ஒண்ணுதான்" என்றாள். அதனால்தான் இன்று சாவடிக்கு வந்தேன். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அவள் சொன்னதை நான் மிரட்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் என் வீட்டில் சாப்பிட வருகிறேன் என்று தானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் வந்ததும் நீங்கள் ரொம்பப் பெருந்தன்மையாகப் பேசினீர்கள். வயசாகிவிட்டது, கண் மங்கல், சாயந்தர வெளிச்சத்தில் கைதவறி இரண்டிலும் அரளி வைத்திருப்பாய் என்று நீங்களே ஒரு வழியும் காட்டினீர்கள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் வேறு யாருக்காவது இப்படி ஆனதா, முதலில் யாருக்கு என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

மாயக்காள் அம்மாள் தவறி ஒரு வருஷம் ஆனதும், உங்கள் தங்கை உங்களுக்குக் கருத்தம்மாளைக் கேட்டார்கள், நினைவிருக்கிறதா? நீங்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மீசையைக் கத்தரித்துக்கொண்டீர்கள். கருத்தம்மாள் உங்களுக்கென்று பலாக்கொட்டை அவித்து அனுப்பினாள். அதை என் வீட்டுக்கு எடுத்துவந்து எனக்கும் பாதி கொடுத்தீர்கள். மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் பேசாமல் தின்றோம். அந்த மாதிரி ஒரு சாயந்தரம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. இதுதான் கடைசி என்று மனதில் பட்டது.

அன்றும் இரண்டிலும் அரளிதான், ஐயா. நீங்கள்தான் முதல்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? மை தீர்ந்துபோயிற்றா?

கருத்தம்மாள் தேவாரத்தில் வாழ்க்கைப்பட்டு நன்றாகத்தான் இருக்கிறாள். நீங்களும் இளைத்துப்போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறாவது தனியாகச் சாப்பிட்டீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். கோபப்படுவதானால் படுங்கள். அதற்கு என்ன தண்டனையோ அதையும் எழுதுங்கள். நாளைக்குச் சேவல் அடிக்கிறேன். கொஞ்சம் நேரத்தோடு வந்துவிடுங்கள், ஆறிப்போனால் அந்தக் குழம்பு குழம்பாக இருக்காது.

என்ன கேட்கிறீர்கள்? சத்தமாகக் கேளுங்கள். எனக்குப் பூக்கட்டியது யார் என்றா?

சோணையாதான். எனக்கு மருதாயியைப் பேசியிருந்தார்கள். எனக்கு இஷ்டம், அவளுக்கும் இஷ்டம். சிவப்பு வந்தது. நான் ஆற்றில் போய் உட்கார்ந்துவிட்டேன். சோணையாவே தேடி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். போனால் வீட்டில் கோழி கொதிக்கிறது. எனக்கு மணை போட்டுத் தயாராக இருக்கிறது. அவரே பிசைந்து என் கையில் வைத்தார். அன்றிலிருந்து அவர் கண்மூடும் வரைக்கும் எனக்கு அங்கேதான் சாப்பாடு.

ஏன் ஐயா அப்படிப் பார்க்கிறீர்கள்? சோணையா அப்படிச் செய்கிற ஆள் இல்லை. அவருக்கு என்மேல் அவ்வளவு பிரியம்.