தட்டுச் சத்தத்துக்குத் திரும்பாத குட்டி

எங்கள் வீட்டு நாய்களுக்குக் காலையில் கேப்பைக்கூழும் மோரும்தான். பிஸ்கட் போட்டால் வயிறு கெட்டுவிடும். படப்பிடிப்பில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அப்படியும் ஆளுக்கொரு பாக்கெட்டோடு வந்து நின்றார்கள். சினிமாக்காரர்களின் அறிவு அவ்வளவுதான், சார்.

எட்வினைப் பற்றிக் கேட்டீர்கள். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, பள்ளிப் பிள்ளைகளுக்காகக் ‘குகைநாடு’ என்று வரிசையாக நாவல் எழுதியவர். மாயக் குகை, நடக்கும் மரம், குகையைக் காக்கும் வெள்ளை நாய். அதைப் படித்துவிட்டுப் பத்தாம் வகுப்புப் பையன்கள் தேம்பி அழுதார்களாம். போகட்டும். முதல் நாவல் படமானபோது அந்த நாயாக நடித்தது என் வீட்டு நாய். ராஜபாளையத்தில் முப்பது வருடமாகச் சுத்த வெள்ளை நாய் வளர்க்கிறவன் நான். படம் ஓடிய பிறகு சௌந்தரபாண்டியன் வீடு எது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டால்கூட வழி சொன்னார்கள்.

அடுத்த நாவலுக்கு விவரம் வேண்டும் என்று எட்வின் வீட்டுக்கு வந்தார். அன்று குட்டிகளுக்குக் காது பார்க்கிற நாள். சுத்த வெள்ளையில் செவிடு விழுவது உண்டு. குட்டிகள் தின்னும்போது பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டுவேன். திரும்பாததைச் சாக்கில் போட்டுக் கிணற்றுக்குக் கொண்டுபோவேன். அன்று ஐந்தில் ஒன்று திரும்பவில்லை. எட்வின் சாக்கைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, காது கேக்கலைன்னா என்ன? அதுவும் உசுருதான. இத மட்டும் விட்டுருங்க.”

படித்த மனிதர் மூக்கை உறிஞ்சினால் பார்க்கச் சகிக்காது. விட்டுவிட்டேன். சோழபுரத்தில் ஒரு தோப்புக்குக் கொடுத்ததாகப் பிறகு சொன்னேன். கொடுக்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன். அதன் முகவெட்டு அப்படி.

இரண்டாம் நாவல் வந்தது. செவிட்டுக் குட்டிகளைக் கிணற்றில் போடும் ஒரு கிழவன்தான் அதில் வில்லன். என் மூக்குக்கண்ணாடி, என் பச்சைத் துண்டு, தட்டு முதற்கொண்டு எல்லாம் இருந்தது. என் பேத்தி மாரிக்கனி அதைப் படித்துவிட்டு, “தாத்தா, இது நீங்களா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து நான் சாப்பிட உட்கார்ந்தால் அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறாள். எல்லாம் கற்பனைதான் என்று எட்வின் என்னிடம் சிரித்து மழுப்பினார். கற்பனை உள்ளவருக்கு என் துண்டு எதற்கு?

இரண்டாம் பாகப் படத்துக்கும் நாய் கேட்டு வந்தார்கள். மறுப்பேன் என்று ஊரே நினைத்தது. நான் அந்தக் குட்டியைத்தான் கொடுத்தேன். அது வளர்ந்து ஆளுயரம் பாயும் நாயாகியிருந்தது. கைச்சாடையிலேயே பழக்கியிருந்தேன், விரலை நீட்டினால் பாயும், உள்ளங்கையைக் காட்டினால் விட்டுவிடும். வாய் திறக்காமல் வேலை வாங்குகிறேன் என்று வியந்தார்கள். ஒருவருக்காவது ஒரு தட்டைத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. விசிலுக்கு நிற்குமா என்று இயக்குநர் கேட்டார். நிற்கும் என்றேன்.

நாய் கடித்துச் சாகும் காவலாளி வேடத்தை எட்வினே போட்டால் பிள்ளைகள் கைதட்டுவார்கள் என்று இயக்குநரிடம் சொன்னதும் நான்தான். எழுத்தாளருக்குத் தன் முகத்தைத் திரையில் பார்க்க ஆசை. ஒரே நாளில் சம்மதித்தார்.

காலை எட்டு மணி, மலையடிவாரம். எட்வினுக்கு இடது கையில் மட்டும் பஞ்சு உறை. விரலை நீட்டினேன். பாய்ந்தது. இயக்குநர் விசில் ஊதினார். மறுபடியும் ஊதினார். பிறகு எல்லோரும் கத்தினார்கள். நாய் கையை விட்டுக் கழுத்துக்குப் போயிருந்தது. அதற்குமுன் எட்வின் என்னைப் பார்த்து ஒன்று சொன்னார்.

“அண்ணாச்சி, கூப்பிடுங்க.”

கூப்பிட்டால் அதற்கு எங்கே கேட்கும்? அவர் காப்பாற்றிய குட்டி அதுதான் என்று அப்போது அவருக்குப் புரிந்திருக்கும். அவர் கண்ணில் அது தெரிந்தது.

நிறுத்தியிருக்க முடியுமா என்றுதானே கேட்கிறீர்கள். முடியும். உள்ளங்கையைக் காட்டினால் போதும். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மாரிக்கனியிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சார். செவிட்டுக் குட்டியை உயிரோடு விட்டால் என்ன ஆகும் என்று இப்போது அவளுக்கே தெரிந்திருக்கும். இனி என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாள்.