பத்தே முக்காலுக்குத் தேநீர்

விபத்து ஒத்திகை ஒன்றைத் திட்டமிடுவதில் மிகவும் கடினமான பகுதி, தேநீர் இடைவேளையை எங்கே வைப்பது என்பதுதான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அணு உலையில் குழாய் வெடிப்பதை எழுதிவிடலாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களை எத்தனை பேருந்தில் ஏற்றுவது, அதையெல்லாம் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். ஆனால் முந்நூறு பேருக்கு டீயைச் சற்று முன்னால் கொடுத்தால் வேகம் போய்விடும், சற்றுப் பின்னால் கொடுத்தால் முகம் கோணிவிடும். பத்தொன்பது வருடம் இதே வேலையைப் பார்த்தவன் சொல்கிறேன், பத்தே முக்கால்தான் சரி.

ஐயா, நீங்கள் என்னை இரண்டாவது முறை கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். உங்கள் விசாரணைக் குழுவின் அறிக்கையை இரண்டு முறை படித்தேன். நல்ல அறிக்கை. பதினான்காம் பக்கத்தில் ஒரு வரிதான் உறுத்துகிறது. 'பயிற்சித் திட்டமிடலில் நேர்ந்த கவனக்குறைவே இறப்புக்குக் காரணம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திருத்த வேண்டும். நான் சொல்வதைப் பதிவு செய்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இறந்துபோனவர் என் தங்கையின் கணவர். பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். உலையில் எல்லோரும் அவரை 'சவுண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு தாழ்வாரத்துக்கு அப்பால் அவர் சிரித்தால் என் அறைக்குக் கேட்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்த ரகம். வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் மேலதிகாரியைச் சிரிக்க வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். நான் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை, ஆறு வருடத்துக்கு முன்பு வரை.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் விதி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒத்திகையில் வாக்கிடாக்கியில் பேசுகிற எந்தப் பேச்சும் 'இது ஒத்திகை' என்று முடிய வேண்டும். இல்லாவிட்டால் கேட்கிறவன் நிஜமென்று நினைத்து ஊரையே காலி செய்துவிடுவான். சரி, ஒத்திகை நடக்கும்போதே ஒருவருக்கு நிஜமாக அடிபட்டால்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். 'நிஜம்' என்று மூன்று முறை சொல்ல வேண்டும். கூட்டிப் பெருக்குகிறவர் சொன்னாலும் அந்த நொடியே ஒத்திகை நின்றுவிடும், எல்லோரும் ஓடி வருவார்கள். அந்த விதியை எழுதியவன் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆறு வருடத்துக்கு முன்பு தலைமையகத்திலிருந்து மூன்று பேர் பார்க்க வந்திருந்தார்கள். அந்த ஒத்திகைக்காக ஏழு மாதம் உழைத்திருந்தேன். அடிபட்டவராக நடிக்கச் சவுண்டைப் படுக்க வைத்திருந்தோம். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வரும்போது, "நிஜம், நிஜம், நிஜம்" என்று கத்தினார். எல்லாம் நின்றது. டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சவுண்டு எழுந்து உட்கார்ந்து, "நிஜமாவே டீ வரலைங்க, மணி பதினொண்ணு ஆகப்போகுது" என்றார்.

தலைமையக ஆட்களும் சிரித்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து முடித்ததும் 'பயிற்சி செல்லாது' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் பாதுகாப்புப் பிரிவின் தலைமைப் பதவி என்னைவிடப் பத்து வயது சின்னவருக்குப் போயிற்று. அதைக்கூட விட்டுவிடலாம். அன்று முதல் எனக்கு 'டீ மாஸ்டர்' என்று பெயர். கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தால், "டீ மாஸ்டர் வந்துட்டார், எனக்கு ஒரு ஸ்ட்ராங்" என்பார்கள். தங்கை வீட்டுக்குப் போனால் அவள் பெண் வாசலிலேயே, "அம்மா, டீ மாமா வந்திருக்கார்" என்று கூவும். "விடுங்கண்ணா, குழந்தைதானே" என்று தங்கையும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கு எரியும். ஆனால் நான் கோபப்படுகிறவன் இல்லை. விதியைத் திருத்துகிறவன்.

ஒரே ஒரு வரி சேர்த்தேன். 'நிஜம் என்ற அறிவிப்பு வந்தால், தலைமை ஒருங்கிணைப்பாளர் உறுதி செய்த பின்னரே ஒத்திகை நிறுத்தப்படும்.' தலைமை ஒருங்கிணைப்பாளர் நான்தான். புலி வருது கதையை எல்லோரும் படித்தவர்கள்தானே, ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். சவுண்டும் சிரித்துக்கொண்டே போட்டார்.

இந்த வருடத் தொடக்கத்தில் தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அண்ணா, அவருக்கு இதயத்துல கோளாறுன்னு சொல்லிட்டாங்க. மாத்திரை போடறார். சூட்டுல நிக்கவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார். ஆஃபீஸ்ல சொன்னா வேலையை மாத்திடுவாங்கன்னு மறைச்சு வச்சிருக்கார். நீங்க அங்கயேதான இருக்கீங்க, கொஞ்சம் பாத்துக்கங்க."

"பாத்துக்கறேன்மா" என்றேன்.

அடுத்த வாரம் திட்டத்தை எழுத உட்கார்ந்தேன். கீழ்த்தளத்தில் ஒரு பம்ப் அறை இருக்கிறது, நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் நீராவிக் குழாய்கள். காற்றோட்ட விசிறி ஓடினால் வெக்கையைத் தாங்கிக்கொள்ளலாம், நின்றால் அடுப்புதான். அங்கே ஒருவர் கால் முறிந்து மயங்கிக் கிடக்கிறார், உடம்பெல்லாம் கதிரியக்கத் தூசு, மீட்புக் குழு கதிர்வீச்சை அளந்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும் என்று எழுதினேன். கிடப்பவர் பிளாஸ்டிக் உடையில் இருக்க வேண்டும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் டேப் சுற்றியிருக்கும், ஜிப் முதுகில். இன்னொருவர் கழற்றிவிட்டால்தான் உண்டு.

ஒத்திகையில் எந்த இயந்திரத்தையும் நாங்கள் நிஜமாக நிறுத்துவதில்லை. சுவிட்சின் மேல் விரலை வைத்து, "நிறுத்திவிட்டேன், இது ஒத்திகை" என்று சொன்னால் போதும். நூற்று நாற்பதாம் பக்கத்தில், காற்றோட்ட விசிறியை இயக்குகிறவருக்குக் கொடுக்கும் செய்திச் சீட்டில், 'உண்மையாகவே நிறுத்துக' என்று எழுதினேன். புதிய தலைவர் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். படிக்காமல் கையெழுத்துப் போடுவது எங்கள் இடத்தில் ஒரு மரியாதை. நீங்கள் படித்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் 'உண்மையாகவே' என்ற சொல் பழைய சீட்டு எதிலிருந்தோ தவறிப்போய் வந்திருக்கும் என்று எழுதிவிட்டீர்கள். பத்தொன்பது வருடத்தில் என் சீட்டில் ஒரு சொல் தவறி வந்ததில்லை ஐயா.

படுக்க ஆள் வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினேன். முதல் ஆளாக அவர்தான் வந்து நின்றார். எனக்குத் தெரியும், வருவார்.

"மச்சான், அன்னிக்கு நான் பண்ணது தப்பு. இத்தனை வருஷமா மனசுல இருக்கு. இந்த வாட்டி ஒழுங்கா செத்துக் காட்டறேன், உங்க மார்க்குக்கு நான் கியாரண்டி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அவருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். "அந்த ரூம்ல ஃபேன் ஓடும்ல?"

"எப்பவும் போலத்தான் மாப்பிள்ளை" என்றேன்.

அன்று காலை ஒன்பது ஐம்பதுக்கு அவர் போய்ப் படுத்தார். கழுத்தில் சீட்டை நானே மாட்டிவிட்டேன். 'வலது கால் முறிவு. மயக்கம். பேசக் கூடாது, அசையக் கூடாது.' உடைக்குள்ளே சட்டையில் ஒரு சின்ன மைக், அது என் ஹெட்போனில் மட்டும் கேட்கும். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு விசிறி நின்றது. விசிறியை இயக்குகிறவர் ஒரு தடவை கேட்டார், "நிஜமாவே நிறுத்தணுமா சார்?" சீட்டில் இருக்கிறதே என்றேன். என் மேசைத் திரையில் அந்த அறையின் வெப்பநிலை தெரியும். முப்பத்தாறு, நாற்பத்தொன்று, நாற்பத்தாறு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்தேன். என் நோட்டை எடுத்துப் பார்த்தீர்களே, எல்லாம் வரிசையாக இருக்கும்.

பத்து ஐந்துக்கு அவர் கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அசையக் கூடாது என்று சீட்டில் இருந்தது. அதற்கு ஒரு மதிப்பெண் குறைத்தேன். அதன் பிறகு அவர் அசையவே இல்லை. சவுண்டு என்று பெயர் வாங்கிய மனிதர், ஐம்பத்து மூன்று நிமிடம் ஒரு முனகல்கூட இல்லாமல் கிடந்தார். எனக்காகத்தான் கிடந்தார். அது எனக்கு அப்போதே தெரியும்.

பம்ப் அறைக் கதவுக்கு வெளியே ஆய்வகத்துப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். கையில் மஞ்சள் பட்டை. மஞ்சள் பட்டை கட்டியவர்கள் பார்த்துக் குறிக்க வேண்டும், கை வைக்கக் கூடாது. பத்து நாற்பத்து மூன்றுக்கு அவள் குரல் வந்தது. "சார், உள்ள இருக்கறவர் நிஜம்னு மூணு தடவை சொல்லிட்டார். இது ஒத்திகை." பழக்க தோஷம், கடைசி இரண்டு சொல்லையும் சேர்த்துவிட்டாள்.

ஒருங்கிணைப்பு அறையில் என்னைத் தவிர ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆறு வருடத்துக்கு முந்தைய சிரிப்பு அவர்கள் உதட்டோரத்தில் தயாராக இருந்தது. திரையில் நாற்பத்தொன்பது. மைக்கில் அவர் மூச்சு எனக்குத் தனியாகக் கேட்டது. நடிக்கிறவன் மூச்சு அப்படி இருக்காது.

"டீ வரலைன்னு சொல்வார். இன்னும் ரெண்டு நிமிஷத்துல வந்துடும்னு சொல்லுங்க. இது ஒத்திகை" என்றேன்.

அறை சிரித்தது. ஆறு வருடத்தில் முதல் முறையாக நான் சொன்ன ஒன்றுக்குச் சிரித்தார்கள். மறைப்பானேன், எனக்கு நன்றாக இருந்தது.

"சார், நான் கதவைத் திறந்து பாக்கட்டுமா?"

"உங்க கையில என்ன பட்டைம்மா?"

அவள் கதவைத் தொடவில்லை. நான் சொன்னது அப்படியே உள்ளே அவருக்கும் கேட்டிருக்கும், ஒலிபெருக்கி அந்தச் சுவரில்தான் இருக்கிறது. அதன் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. டீ வந்தது. மீட்புக் குழுவுக்கும் இடைவேளை விட்டேன், அட்டவணையில் அப்படித்தான் இருந்தது. பத்து ஐம்பத்தைந்துக்கு அவள் மறுபடி கூப்பிட்டாள். "இப்ப ஒண்ணுமே பேச மாட்டேங்கறார் சார்." நல்லது, மயக்கத்தில்தானே இருக்க வேண்டும் என்றேன்.

மீட்புக் குழு உள்ளே போனது பதினொன்று பன்னிரண்டுக்கு. கழுத்துச் சீட்டைப் படித்தார்கள். வலது காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார்கள், ஆறு நிமிடம். கட்டு நன்றாகவே இருந்தது. "சூப்பரா நடிக்கறார்ப்பா" என்று ஒருவன் சொன்னது பதிவில் இருக்கிறது. அந்தப் பெண்தான் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடி அவர் உடையைக் கிழித்தாள். பூட்ஸிலிருந்து வேர்வை தண்ணீராகக் கொட்டியதாம். அன்று சாயங்காலம் மருத்துவமனையில் உயிர் போயிற்று.

அவள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். முன்னாலேயே ஏன் கதவைத் திறக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தடுத்தேன், அதனால் திறக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பட்டையைக் கழற்றியது மட்டும் விதிமீறல்தான், அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். "நீங்க பக்கத்துல இருந்தும் இப்படி ஆயிடுச்சேண்ணா" என்றாள். அவள் பெண் சுவரோரமாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. டீ மாமா என்று கூப்பிடவில்லை.

ஆகவே ஐயா, கவனக்குறைவு என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அவருக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியும். அந்த அறை எவ்வளவு கொதிக்கும் என்று தெரியும். அவர் கூப்பிட்டது நிஜம் என்றும் தெரியும். விசிறியை நிறுத்தியது நான், கூப்பிட்டபோது கதவைத் திறக்காமல் வைத்ததும் நான். அவரை நான்தான் கொன்றேன். நான்கு மாதம் உட்கார்ந்து திட்டமிட்டேன், ஒரு நிமிடம் பிசகவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்காக. பத்தே முக்காலுக்கு வந்த டீயை அந்த அறையில் ஒன்பது பேரும் குடித்தார்கள். நான் மட்டும் குடிக்கவில்லை. என் கோப்பை மேசையில் அப்படியே ஆறிக் கிடந்தது, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவர் உள்ளே அப்படிக் கிடக்கும்போது எனக்கு எப்படி ஐயா தொண்டையில் இறங்கும்?