சுத்து வளையம்

இல்ல தம்பி, மாட்டுச் சங்கிலிக்கு இல்ல. பாத்தா அப்பிடித்தான் தெரியும். அதுலயும் நடுவுல ஒரு வளையம் சுத்தும்ல, அதே யோசனைதான். இது மரம் ஏறுறதுக்கு. சுவிவல்ங்கிறாக. நான் சுத்து வளையம்னு சொல்லிக்கிறது. கோயமுத்தூர்லருந்து பார்சல்ல வந்துச்சு, இப்பத்தான் வாங்கிட்டு வர்றேன். சும்மா கையில பிடிச்சுப் பாருங்க. ஜீப்பு நிறைய இன்னும் ஆள் வரணும்.

கயிறு மாட்டுற ஓட்டை ரெண்டு இருக்குல்ல, மேல் கண்ணப் பிடிச்சுக்கிட்டு கீழ் கண்ணச் சுத்துங்க. பாத்தீகளா, சத்தமே இல்ல. உள்ள குண்டு பேரிங்கு. வெறுங்கையில எல்லா வளையமும் சுத்தும் தம்பி. ஆள் பாரம் தொங்குறப்பவும் சுத்தணும், அதப் பாத்துத்தான் வாங்கணும். ஊஞ்சல்ல மாட்டுறது இரும்புக் கடையில கிடைக்குது, பாரம் ஏறுனா இறுகிப்போயி நின்னுக்கும். அப்புறம் இந்தா, ஓரத்துல எழுத்து அடிச்சிருக்குல்ல, எவ்வளவு பாரம் தாங்கும்னு. அந்த எழுத்து இல்லாதத நம்பித் தொங்கக் கூடாது.

ஆமா, ஏலக்காய்த் தோட்டத்துலதான். நிழல் மரம் கவாத்து பண்றது. பேரு ஜக்கையன், ஊரு சிலமலை. மழைக்கு முந்திக் கிளையக் கழிச்சு விட்டாத்தான் செடிக்கு வெளிச்சம் இறங்கும். மேல கவையில கயித்தப் போட்டு, ரெட்டை வடமாத் தொங்கும், அத இடுப்புப் பெல்ட்டுல மாட்டிக்கிர்றது. கயித்துல ஒரு பிடி முடிச்சு. அதத் தள்ளுனா இறங்கலாம், விட்டா நின்னுக்கும். இன்னொரு குட்டைக் கயிறு இருக்கு, மரத்தச் சுத்திக் கட்டிக்கிட்டு சாஞ்சு நிக்க. அது நுனியில இருக்குற கொக்கி தானா மூடிக்கிற ரகமா இருக்கணும். திருகுற ரகம்னா சருகு, தூசி போயி பாதியில நின்னுரும், நாம மூடியாச்சுன்னு நினைச்சிருப்போம்.

இது எங்கன்னா, அந்தத் தொங்குற கயித்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல. கிளை நுனிக்குப் போயி அறுக்குறப்ப ஆள் அங்கிட்டும் இங்கிட்டும் திரும்புவோம்ல. ரெண்டு வடமும் சடை பின்னுன மாதிரி முறுக்கிக்கும். முறுக்கிருச்சுன்னா பிடி முடிச்சு அசையாது. ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. இந்த வளையம் இருந்தா நாம திரும்புனாலும் கயிறு திரும்பாது.

முந்தியா? முந்தி வளையம் எதுக்கு, சந்திரவல்லி இருந்தா. எம் பொண்டாட்டி. கீழ நின்னு கயித்து வால அவதான் பிடிப்பா. வெட்டுன கிளைய செடி மேல விழாம இறக்குறதும் அவதான். கயிறு முறுக்குறது எனக்குத் தெரியுறதுக்கு முந்தி அவளுக்குத் தெரிஞ்சுரும். வலப்பக்கம் திரும்புய்யா, வலப்பக்கம்னா தெரியாதான்னு சத்தம் போடுவா. அந்தச் சரிவு பூராம் கேக்கும்.

அய்யய்யோ, அதெல்லாம் இல்ல. நல்லா இருக்கா. திருப்பூர்ல மக ரோஜா வீட்டுல. பேரன் பிறந்தான்ல, மகளும் மருமகனும் கம்பெனிக்குப் போறாக, பிள்ளையப் பாக்க ஆள் வேணும்ல. மூணு மாசம்னுதான் போனா. பிள்ளை இப்ப நடக்குறான்.

நானும் போயி இருந்து பாத்தேன். ஒத்த ரூமு. ராத்திரி நான் இருமுனாக்கூட மருமகன் எந்திரிச்சு உக்காந்துக்கிருவாரு. நல்ல பிள்ளைதான், ஒரு சொல்லு சொன்னதில்ல. நானே வந்துட்டேன்.

வந்து, மரம் ஏறல தம்பி, கீழ கயிறு பிடிக்க ஆள் இல்லையே. தோட்டத்துல காவச் சோலி குடுத்தாக. ஒரு கொட்டகை, ஒரு நாற்காலி. காய் எடுக்குற பொம்பளைக வேற பக்கம் போயிட்டாகன்னா அந்தி வரைக்கும் பேச்சுக்கு ஒரு ஆள் கிடையாது. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா அது யாரு குரலோன்னு இருக்கும். அப்ப ஒருநா கவாத்து ஆளு வரலன்னு சொன்னாக. நான் ஏறுறேன்னுட்டேன். மேல போனா எதுத்த சரிவுல பொம்பளைக பேசுறது காத்துல அப்பிடியே வருது. யாரு மருமக, என்ன கொழம்பு, எல்லாம். நான் அறுக்குறத நிப்பாட்டிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தேன்.

போன வாரந்தான் மாட்டிக்கிட்டேன். பெரிய சந்தனவேம்பு. கிளையில கால் வழுக்கிருச்சு. அந்தரத்துல சுத்துன சுத்துல ரெண்டு வடமும் திரிச்சுக்கிருச்சு, முடிச்சு இறுகிப்போச்சு. அடிமரம் எட்டுற தூரத்துல இல்ல. மழை வேற. கூவுனேன். மழைக்குப் பொம்பளைக எல்லாம் இறங்கிட்டாக போல, எதுத்த சரிவுலயும் சத்தம் இல்ல. இடுப்புல பெல்ட்டு நெருக்கி காலு மரத்துப்போச்சு. குட்டைக் கயித்த வீசுனேன், வீசுனேன், வீசிக்கிட்டே இருந்தேன். கடைசியா கொக்கி ஒரு மொட்டைக் கிளையில விழுந்துச்சு. இழுத்து மரத்தோட ஒண்டி, கால ஊனி, பாரத்த எடுத்துட்டு முறுக்கப் பிரிச்சேன். கீழ வந்து அப்பிடியே சகதியில உக்காந்துட்டேன். சொல்லணும்னு இருந்துச்சு. சுத்தி யாரு இருக்கா, செடிதான் நிக்குது.

போன் இருந்துச்சு, சட்டைப் பையில. தொங்குறப்ப எடுத்தேன். சிக்னல்கூட நல்லாக் காட்டுச்சு. எங்க மேஸ்திரி போன் வச்சுக்கிறதில்ல. திருப்பி வச்சுட்டேன். கூப்பிட்டு அவகிட்ட என்ன சொல்ல தம்பி? நான் ஏறுறது அவளுக்குத் தெரியாதே. காவக்காரன்னுதான நினைச்சுக்கிட்டு இருக்கா. தினம் பேசுறோம். சாப்பிட்டியாய்யான்னு கேப்பா. கொட்டகையிலதான் இருக்கேன், சாப்பிட்டேம்பேன். அன்னைக்கும் அதத்தான் சொன்னேன். நெசத்தச் சொன்னா பிள்ளைய விட்டுட்டு அடுத்த பஸ்சுல ஏறி வந்துருவா. வரட்டும்னு ஒரு நேரம் ஆசையாத்தான் இருக்கு. அது ஆகுமா.

நீங்க போடிமெட்டு பேக்கரியிலதான சோலி பாக்குறீக? பாத்திருக்கேன், தினம் இந்த ஜீப்புலதான வர்றீக. ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கிறாதீக. வளையம் முறுக்க எடுக்கும், வாஸ்தவம். ஆள் கீழ வந்து சேந்தானான்னு அது பாக்குமா? உங்க நம்பரக் குடுங்க. சாயங்காலம் மரத்த விட்டு இறங்குனதும் ஒரு மிஸ்டு கால் விடுறேன். எடுக்க வேணாம், பேச வேணாம். மணி அடிச்சா ஜக்கையன் இறங்கிட்டான், அவ்வளவுதான். இருட்டுற வரைக்கும் அடிக்கலன்னா, எங்க மேஸ்திரி ராஜாராம் உங்க கடைக்கு டீக்கு வருவாருல்ல, அவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, மேக்குச் சரிவப் பாக்கச் சொல்லி.

ம்... மெதுவா, மெதுவாச் சொல்லுங்க, கண்ணாடி எடுத்தாரல. ஒம்பது... ரெண்டு... சரி, அடிச்சாச்சு.

பேரு என்னன்னு போடட்டும் தம்பி?