முன்வைத்த காலைப் பின்வைக்கச் சொன்னவர்

மலைமேல் விழுந்தவற்றையெல்லாம் மண்டியிட்டுப் பொறுக்கிய மாண்பாளரே! முறிந்த இறக்கையோடும் முனை மழுங்கிய ஆணியோடும் முகம் கோணாமல் பேசிய முதுபெரும் ஆய்வாளரே! தோகிசாகி விமானத்தளத்தின் விபத்து விசாரணை அதிகாரியாக இருந்து இன்று ஓய்வுபெறும் எங்கள் நிஷிமோரி தோகுஜிரோ ஐயா அவர்களே! வணக்கம்.

இத்தகைய மடல்களில் 'முன்வைத்த காலைப் பின்வைக்காத பெருந்தகையே' என்றொரு வரி கட்டாயம் இருக்கும். நாங்களும் எழுதினோம். வாசித்துக் காட்டியதும் சமையலறைக் கினு அக்கா, "அத அடிங்க மொதல்ல. அந்த மனுஷனுக்கு அதவிடப் பெரிய திட்டு கெடையாது" என்றார். அடித்துவிட்டோம். அந்த இடத்தில் வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்ட வெற்றிடத்தைத்தான் இந்த மடல் முழுவதும் நிரப்பப் பார்க்கிறது. குறையிருந்தால் பொறுத்தருள்க.

ஐரோப்பியப் பெரும்போர் முடிந்து, அங்கே மிஞ்சிய விமானங்கள் கப்பலேறி நம் கரைக்கு வந்த காலத்தில், இந்தத் தளம் ஒரு வாற்கோதுமை வயல். பல்கலைக்கழகத்தில் படித்த பொறியாளராகிய தாங்கள் தலைநகரில் நாற்காலி தேய்த்திருக்கலாம். வைக்கோல் செருப்புத் தேய மலையேறத்தான் வந்தீர்கள். விழுந்த விமானம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. தாங்கள் தேடியதும் அதைத்தான். பிளம் பழுக்கும் மழைக்காலத்தில் ஈரம் குடித்து இளகிப்போன பசை. குளிருக்குப் பஞ்சுச் சட்டை போட்டுப் போன விமானியின் கைம்மடிப்பில் சிக்கிய, விமானத்தைத் திருப்பும் விசைக்கோல். இறக்கைத் துணியில் பூசிய மாவின் ருசிக்கு வந்து கடித்த எலி. இத்தனையையும் தாங்கள் கண்டுபிடித்துச் சொன்னபோதெல்லாம், எங்கள் மேலாளர் குசுமோத்தோ ஐயா ஒரே காரணத்தைத்தான் விரும்பினார்: மேகம். "மேகம்னு எழுதிட்டுப் போங்க ஐயா. அது வந்து இல்லேன்னா சொல்லப் போகுது?" என்பார். இதோ முன்வரிசையில் அமர்ந்து முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும், தேநீர்க் கதை வரும்போது சிரிப்பார்.

பசைக்கும் எலிக்கும் அப்பால் தங்களை அரித்தது வேறொன்று. மலையைக் கடக்கும் கணவாயை நோக்கிப் போய் மூடுபனியில் சிக்கி விழுந்த விமானங்கள் எல்லாமே கணவாயைப் பார்த்தபடியே கிடந்தன. பின்னால் தளத்தில் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்திருக்கும். ஒரு மூக்காவது இந்தப் பக்கம் திரும்பியிருந்ததில்லை. "ஏன் திரும்பல?" என்று எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். செத்தவனிடம் கேட்க வேண்டியதை எங்களிடம் கேட்டால் நாங்கள் என்ன சொல்வது?

அதற்கான பதில், ஓர் இலையுதிர்காலத்துக் காலையில், தபால் விமானத்தோடு கிளம்பிப் போனது. ஓட்டியவர் ஹிமுரோ, பின்னிருக்கையில் மெக்கானிக் தமாகி. வழக்கம்போல மேலாளர் முதல் சமையற்காரி வரை வரிசையில் நின்றோம். மறுபடி காண்போமோ மாட்டோமோ என்னும் பிரிவுகளில் நாம் பகிர்ந்துகொள்ளும் தண்ணீர்க் கிண்ணத்தை இருவருக்கும் கொடுத்தோம், நாங்களும் குடித்தோம். விமானம் கண்ணுக்கு மறையும்வரை தொப்பியை ஆட்டினோம். அன்று என்றில்லை, ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் அப்படித்தான். மரியாதையில் ஒரு குறை வைத்தவர்கள் அல்லோம் நாங்கள்.

பள்ளத்தாக்கின் வாயிலேயே எஞ்சின் தடுமாறியிருக்கிறது. எதிரே கணவாய் வெள்ளையாக அடைத்துக் கிடந்திருக்கிறது. விமானம் தேவதாரு மரங்களில் மோதியது. தமாகி அங்கேயே போய்விட்டார். இடுப்பெலும்பு நொறுங்கிய ஹிமுரோவை மருத்துவமனையில் சந்தித்து, தாங்கள் அதே பழைய கேள்வியைக் கேட்டீர்கள். பதில் சொல்ல அன்றுதான் முதன்முதலாக ஒருவர் உயிரோடு கிடைத்திருந்தார்.

"எஞ்சின் இருமுனப்பவே தெரியும் ஐயா. தமாகி தோளத் தட்டித் தட்டிப் பின்னால கையக் காட்டுனான். எப்பிடித் திரும்புறது? தண்ணி குடிச்சாச்சு. மேனேஜர்லேர்ந்து கினு அக்கா வரைக்கும் தொப்பியும் துண்டும் ஆட்டியாச்சு. போன வேகத்துல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து நிக்கிறது?"

தாங்கள் எழுதிய முடிவு இன்றும் எங்களுக்கு மனப்பாடம். விபத்தின் காரணம், எரிபொருளில் கலந்த நீர். அதனினும் பெரிய காரணம், வழியனுப்ப நின்ற வரிசை.

குசுமோத்தோ ஐயா அதைப் படித்துவிட்டு வேர்க்க விறுவிறுக்கத் தங்கள் அறைக்கு வந்தார். "மரியாதை செஞ்சதால ஒருத்தன் செத்தான்னு எழுதுவீங்களா?" என்று கேட்டார்.

"எழுதிட்டேன்" என்றீர்கள்.

எங்களுக்குச் சுருக்கென்று தைத்தது. தமாகிக்காக அழுத கண் காயவில்லை, அதற்குள் கொன்றவர்கள் நாங்களா என்று கொதித்தோம். பிணம் எண்ணுகிறவனுக்கு ஈரம் எங்கே இருக்கும் என்று தங்கள் காதுபடவே பேசினோம். குளியலறையில் தங்கள் முறையைக் கடைசிக்குத் தள்ளினோம். தங்கள் சோற்று உருண்டைக்குள் மட்டும் உப்பிட்ட பிளம் வைப்பதைக் கினு அக்கா நிறுத்தினார். வெறும் சோற்றைத் தாங்கள் கடைசிப் பருக்கை வரை தின்றீர்கள். அதுவே எங்களுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதன் பிறகு தாங்கள் வரிசையில் நிற்கவில்லை. விமானம் தரையை விட்டு எழும்பியதும் நேரே சமையலறைக்குப் போய் இரும்புக் கெண்டியை அடுப்பில் ஏற்றினீர்கள். தன் அடுப்பை அடுத்தவர் தொட்டால் கினு அக்காவுக்குப் பொறுக்குமா? யாருக்கு இந்த வெந்நீர் என்று சண்டைக்கு வந்தார்.

"போனவனுக்கு. வந்தா அவன் குடிப்பான். வரலேன்னா நான் குடிச்சுக்கறேன்."

அந்தக் குளிர்காலம் முழுவதும் எவனும் பாதி வழியில் திரும்பி வரவில்லை. தாங்கள் குடித்த தேநீரில் ஒரு தெப்பமே விட்டிருக்கலாம். முதலில் தங்களோடு வந்து உட்கார்ந்தவர் கினு அக்கா. அப்புறம் மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கொள்கையால் அல்ல, குளிரால். வெளியே கடற்காற்று காதை அறுத்தது, உள்ளே சூடாகத் தேநீர் இருந்தது. இப்படித்தான் தங்கள் சீர்திருத்தம் எங்களுக்குள் நுழைந்தது என்பதை உள்ளபடியே ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்த மழைக்காலத்தில் ஹிமுரோ நொண்டி நொண்டி வந்து மீண்டும் விமானமேறினார். பின்னிருக்கையில் ஒரு பட்டு வியாபாரி. வெளியே கிண்ணமும் கையுமாக நின்றவர் குசுமோத்தோ ஐயா ஒருவரே. எஞ்சின் ஓசை தேய்ந்து போனது, பிறகு வளர்ந்தது. திரும்பி வருகிறது! அடுப்படியில் இருந்த நாங்கள் யாரும் சன்னலுக்கு ஓடவில்லை. ஓடக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. அவரவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். புல்வெளியில் தனியாக நின்ற குசுமோத்தோ ஐயா, ஆட்டிய தொப்பியை என்ன செய்வதென்று புரியாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்து, தமக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டார்.

ஹிமுரோ வாசலில் வந்து நின்றார். "ஆறிடப் போகுது. உக்காந்து குடிப்பா" என்றார் கினு அக்கா. ஏன் திரும்பினாய் என்று ஒரு வாய் கேட்கவில்லை. ஒரு மிடறு குடித்துவிட்டு ஹிமுரோ அழுதார். "தமாகிக்கும் ஒண்ணு ஊத்துங்க ஐயா" என்றார். தாங்கள் ஊற்றி வைத்தீர்கள். அதன்பின் அந்தக் கிண்ணம் அலமாரியில் தனியாக இருக்கிறது.

அதற்குப்பின் விபத்தே இல்லை என்று எழுதினால் மடலுக்கு அழகாக இருக்கும். ஆனால் பொய் எழுதினால் தாங்கள் எழுந்து திருத்துவீர்கள். விழுந்தன. மரம் உளுத்தது, குழாய் வெடித்தது, பனி உறைந்தது. ஒன்றுக்குக் காரணம் கண்டு மூச்சு விடுவதற்குள் இன்னொன்று புதுக் காரணத்தோடு விழுந்தது. ஒவ்வொரு முறையும் தாங்கள் மலையேறினீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டு வாசலில் போய்த் தலைகுனிந்து நின்றீர்கள். நாங்களும் களைத்துவிட்டோம் ஐயா. ஆயினும் கணவாயில் பனி இறங்கிய நாட்களில் திரும்பி வந்த விமானிகள் இந்த மண்டபத்தில் இப்போது பின்வரிசையில் அமர்ந்து, சோறு கண்ட காக்கைபோல் பலகாரத்தைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். தங்கள் பணிக்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா?

இந்நிலையில் மேலிடத்திலிருந்து ஆணை வந்திருக்கிறது. இனி ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் ஊழியர் அனைவரும் கொடியோடு வரிசையில் நிற்க வேண்டும். கிண்ணம் உண்டு, பாட்டு உண்டு. திரும்பி வருவது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தாங்கள் தலைநகருக்குப் போய் நாள் முழுக்க வாதாடிவிட்டு வந்து, "இனிமே என்னால மலை ஏற முடியாது" என்று மட்டும் சொன்னீர்கள். தாங்கள் போனபின் கெண்டியை யார் ஏற்றுவார்கள் என்பதுதான் அந்தச் சொல்லுக்குள் இருந்த கவலை என்று எங்களுக்குத் தெரியும்.

முதல் கொடி வரிசை இன்று தங்களுக்குத்தான். ஒத்திகையாக இருக்கட்டும் என்பது மேலிடத்து உத்தரவு. ஆணை ஆணைதான், நிற்போம், ஆட்டுவோம். ஆனால் எண்ணிப் பார்த்தால் வரிசையில் ஓர் ஆள் குறையும். கினு அக்கா வரமாட்டார். "எனக்கு அடுப்புல வேல இருக்கு" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டார். மேலாளரும், ஆமாம், அடுப்பை அணைய விடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் இனி இப்படி ஒருவருக்கு அடுப்பில் வேலை இருக்கும்.

அடுத்த வாரம் கொடிகளுக்கு நடுவே முதலில் கிளம்பப்போகிறவர் ஹிமுரோ. தங்களிடம் நேரில் சொல்லக் கூச்சமாம். மடலில் சேர்க்கச் சொன்னார். "அவங்க கொடி ஆட்டட்டும், பாட்டு பாடட்டும். நான் மேலேர்ந்து சமையக்கட்டுப் பொகையத்தான் பாப்பேன்னு ஐயாகிட்ட சொல்லுங்க."

ஆகவே எங்கள் அன்பிற்குரிய ஐயா! நோயின்றி, நொடியின்றி, ஏற ஒரு மலையுமின்றி நீடு வாழ்க! இன்று கொடிகளைக் கடந்து சாலையின் பைன் மர வளைவை அடையும்போது, மனம் ஏதேனும் இழுத்தால் தயங்காமல் திரும்பி வாருங்கள். காரணம் கேட்க மாட்டோம். கெண்டி அடுப்பில் இருக்கிறது. வந்தால் தாங்கள் குடியுங்கள். வராவிட்டால் நாங்கள் குடித்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
வரிசையில் நிற்போரும் அடுப்படியில் இருப்போருமாகிய
தோகிசாகி விமானத்தள ஊழியர்கள்